வாணிகக் கொள்கையும் வியூக மேலாண்மையும்: ஜோகூர் வகுப்பறையில் ஒரு துறைமுகப் பாடம்

வணிக நிர்வாகம் பயிலும் இளங்கலை மாணவர்கள் தங்கள் படிப்பின் இறுதிக் கட்டத்தில் சந்திக்கும் பாடம் ‘வாணிகக் கொள்கையும் வியூக மேலாண்மையும்’ ஆகும். கணக்கியல், சந்தைப்படுத்தல், நிதி, மனிதவளம் என்று முந்தைய ஆண்டுகளில் தனித்தனியே படித்தவற்றை எல்லாம் ஒன்றுதிரட்டி, ஒரு நிறுவனத் தலைவரின் நாற்காலியில் அமர்ந்து முடிவெடுக்கப் பழக்குவதே இப்பாடத்தின் நோக்கம். ஆனால் நம் மாணவர்களுள் பலர் இதனை வரையறைகளை மனனம் செய்து தேறிவிடக்கூடிய பாடமாகவே கருதுகின்றனர். இப்பாடத்தை ஜோகூரில் சில ஆண்டுகளாக நடத்திவருபவன் என்ற முறையில், இதை எப்படிக் கற்பிக்கலாம், எப்படிக் கற்கலாம் என்பதைப் பற்றிச் சில கருத்துகளை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். வணிகத்துறை சாராத வாசகர்களும் இதனைப் படிக்கலாம். குடும்பத்தில் யாரேனும் ஒருவர் கடை வைத்திருந்தால் போதும், இதில் வரும் கேள்விகள் புதியனவாக இரா.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘ஸ்ட்ராட்டஜி’ என்பது படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இதற்கு உத்தி, வியூகம், தந்திரம் எனப் பல சொற்கள் புழங்குகின்றன. வடமொழிச் சொல்லாயினும் நான் ‘வியூகம்’ என்பதையே விரும்புகிறேன். படையை எங்கே, எந்த வடிவில் நிறுத்துவது என்பது வியூகம். நிறுத்திய இடத்தில் எப்படிச் சண்டையிடுவது என்பது உத்தி. ஒரு தட்டு நாசி லெமாக்கின் விலையை ஐம்பது சென் குறைப்பது உத்தி. அந்தக் கடை தொழிற்சாலைக்குச் செல்லும் தொழிலாளிக்காகவா, வார இறுதியில் குடும்பத்தோடு வருபவருக்காகவா என்று முடிவு செய்வது வியூகம். சக்கர வியூகத்தினுள் நுழையத் தெரிந்தும் வெளியேறத் தெரியாமல் மாண்ட அபிமன்யுவின் கதையை நம் மாணவர்கள் அறிவர். புதிய சந்தைக்குள் நுழையும் நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது அந்தக் கதை எனக்குப் பல முறை கைகொடுத்திருக்கிறது.

இப்பாடத்தின் வரலாறு ஏறத்தாழ நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1910களின் தொடக்கத்தில் ‘வாணிகக் கொள்கை’ என்ற பெயரில் இது தொடங்கியது. தொழிலதிபர்களே வகுப்புக்கு வந்து தங்கள் நிறுவனத்தில் அப்போது எழுந்திருக்கும் சிக்கலை முன்வைப்பர். மாணவர்கள் அதற்குத் தீர்வு எழுதுவர். 1959 இல் அமெரிக்க வணிகக் கல்வியை ஆராய்ந்து வெளிவந்த கோர்டன், ஹாவெல் ஆகியோரின் அறிக்கை, இப்பாடம் படிப்பின் முடியாக எல்லா மாணவர்க்கும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் 1962 இல் ஆல்பிரட் சாண்ட்லரும் 1965 இல் இகோர் அன்சாஃபும் எழுதிய நூல்கள் இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் அமைத்தன. 1970களின் இறுதியில் ‘வியூக மேலாண்மை’ என்ற புதுப் பெயர் வந்தது. 1980 இல் மைக்கேல் போர்ட்டரின் நூல் வெளிவந்த பிறகு, ஒரு தொழில்துறையைத் தாக்கும் ஐந்து விசைகள் என்ற கருத்து உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது. பெயர் மாறிய இந்தப் பயணத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது என்பது என் கருத்து. தொடக்கத்தில் வகுப்பறையில் ஒரு மனிதர் தம் சிக்கலோடு நின்றார். பின்னர் அவருடைய இடத்தில் கட்டங்களும் அம்புக்குறிகளும் வந்து நின்றன.

அந்தக் கட்டங்களுள் நம் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தமானது ‘ஸ்வோட்’ எனப்படும் நான்கு கட்டம். பலம், பலவீனம், வாய்ப்பு, மிரட்டல் என்று நான்கு தலைப்பு. ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்து குறிப்புகள். எந்த நிறுவனத்தைக் கொடுத்தாலும் அரை மணி நேரத்தில் நிரப்பிவிடுவர். ‘பலம்: திறமையான ஊழியர்கள். பலவீனம்: போதிய விளம்பரம் இல்லை. வாய்ப்பு: தொழில்நுட்ப வளர்ச்சி. மிரட்டல்: போட்டியாளர்கள்.’ இதைப் படிக்கும்போது நான் ஒரு சிறு சோதனை செய்வேன். நிறுவனத்தின் பெயரை அடித்துவிட்டு, அதே இடத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயரை எழுதுவேன். விமான நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தில் பிஸ்கட் தொழிற்சாலையின் பெயரை எழுதிய பிறகும் அட்டவணை பொருந்துகிறது என்றால், அங்கே ஆய்வு ஏதும் நடக்கவில்லை. இந்தச் சோதனையை மாணவர்கள் தங்கள் இடுபணியை ஒப்படைப்பதற்கு முன் தாங்களே செய்து பார்க்கலாம். சற்றுக் கொடுமையான சோதனைதான், ஆனால் பயனுள்ளது.

மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆறாம் ஆண்டுச் சோதனை தொடங்கி எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். வரை விடைத்திட்டத்தை நோக்கி எழுதிப் பழகியவர்கள் அவர்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எங்கோ ஒரு சரியான விடை அச்சிடப்பட்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் வளர்ந்தவர்களிடம், ‘இந்தக் கேள்விக்கு விடைத்திட்டம் இல்லை, நீங்கள்தாம் முடிவெடுக்க வேண்டும்’ என்றால் தயங்கத்தான் செய்வர். குறிப்பாக நம் இன மாணவர்களிடம் இந்தத் தயக்கத்தைச் சற்று மிகுதியாகவே காண்கிறேன். கருத்து இல்லாமல் இல்லை. வகுப்பு முடிந்து நடைவழியில் நிற்கும்போது தமிழில் அழகாகப் பேசுவார்கள். வகுப்புக்குள் தங்கள் முடிவை நிலைநிறுத்திப் பேசுவதில்தான் தடங்கல்.

இதற்கு மருந்தாக நான் பயன்படுத்திவருவது திருக்குறளின் பொருட்பாலில் அடுத்தடுத்து வரும் நான்கு அதிகாரங்களின் வைப்புமுறை. நாற்பத்தேழாவது அதிகாரம் தெரிந்து செயல்வகை; அடுத்து வலியறிதல், காலமறிதல், இடனறிதல். எல்லாம் வள்ளுவர் அன்றே சொல்லிவிட்டார், மேலை நாட்டார் பிறகுதான் கண்டுபிடித்தனர் என்று மேடையில் முழங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அத்தகைய முழக்கங்களால் ஒரு மாணவனுக்கும் இடுபணி எழுத வந்ததில்லை. இரண்டு நுட்பங்களுக்காகவே இவ்வதிகாரங்களை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, தெரிந்து செயல்வகையின் முதற்குறள். ஒரு செயலைத் தொடங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றை வள்ளுவர் வரிசைப்படுத்தும்போது, இழக்கப்போவதைத்தான் முதலில் வைக்கிறார். கிடைக்கப்போவதும் அதன் வழியே பின்னர் வரப்போவதும் அதற்கு அடுத்தே வருகின்றன. நம் மாணவர்களின் அறிக்கைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும். பல வேளைகளில் இழப்பு என்ற பகுதியே இராது. இரண்டாவது, வலியறிதலின் முதற்குறள். அதில் செயலின் கடுமை, நம் வலிமை, எதிரியின் வலிமை ஆகியவற்றோடு நான்காவதாக, துணை நிற்போரின் வலிமையும் எடைபோடப்படுகிறது. ‘ஸ்வோட்’ அட்டவணையில் துணைக்கென்று தனிக் கட்டம் இல்லை. நான் இனிச் சொல்லப்போகும் துறைமுகக் கதையில் எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்த நான்காவது வலிமைதான்.

ஜோகூர் மாணவர்களுக்கு இப்பாடத்தைக் கற்பிக்க ஹார்வர்டிலிருந்து எடுத்துக்காட்டை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. கேலாங் பாத்தாவைத் தாண்டி, பூலாய் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகமே போதும். இன்றைய மாணவர்கள் பலர் 2000 ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்தவர்கள். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லாரிகளை அவர்கள் அறிவர். அத்துறைமுகம் எப்படி எழுந்தது என்பதை அறியார். அது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

கதையை இரண்டு பகுதியாகப் பிரித்துக் கொடுக்கிறேன். முதற்பகுதி 2000 ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு நின்றுவிடும், பெயர்கள் மறைக்கப்பட்டிருக்கும். சிலர் ஊகித்துவிடுவர், பாதகமில்லை. செய்தி இதுதான். தீவு ஒன்றில் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 17 மில்லியன் கொள்கலன்களைக் கையாள்கிறது. (துறைமுகத் தொழிலில் எல்லாக் கொள்கலனையும் இருபதடிக் கொள்கலனாக மாற்றிக் கணக்கிடுவது வழக்கம், நாற்பதடிக் கொள்கலன் இரண்டாகக் கொள்ளப்படும்.) இவற்றுள் பெரும்பகுதி அந்தத் தீவுக்கு வரும் சரக்கு அன்று. ஒரு கப்பலிலிருந்து இறக்கி, மற்றொரு கப்பலில் ஏற்றி அனுப்பப்படும் சரக்கு. துறைமுகத்தின் நீண்டநாள் கொள்கை, எல்லாக் கப்பல் நிறுவனங்களுக்கும் பொதுவான படகுத்துறை என்பது. எவருக்கும் தனித்துறையோ அதில் பங்குரிமையோ கிடையாது. அங்குள்ள மிகப் பெரிய வாடிக்கையாளர், துறைமுகத்தின் மொத்தச் சரக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைக் கொண்டுவருபவர், தமக்கெனத் தனித்துறை வேண்டும் என்கிறார். அவர் அண்மையில்தான், 1999 இல், அமெரிக்கப் போட்டி நிறுவனம் ஒன்றின் அனைத்துலகக் கப்பல் தொழிலை வாங்கிப் பெருத்திருக்கிறார். நீரிணைக்கு அப்பால் அதே ஆண்டில் ஒரு புதிய துறைமுகம் செயல்படத் தொடங்கியிருக்கிறது. கட்டணம் குறைவு, இடம் தாராளம், பங்குரிமை தரவும் தயார். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி வாடிக்கையாளர் இல்லை. நீங்கள் பழைய துறைமுகத்தின் இயக்குநர் வாரியம். தனித்துறை கொடுப்பீர்களா, மறுப்பீர்களா?

மாணவர்கள் பெரும்பாலும் முதலில் உணர்ச்சிவழியே வாக்களிப்பர். ‘நாம் பெரிய துறைமுகம், ஏன் பணிய வேண்டும்?’ என்பது ஒரு பக்கம். ‘வாடிக்கையாளரே முதலாளி’ என்பது மறுபக்கம். இரண்டுமே பழமொழிகள், முடிவுகள் அல்ல. அப்போதுதான் வெண்பலகையில் ஒரு சிறு கணக்கைப் போடுகிறேன். இது துறைமுகத்தின் உண்மைக் கணக்கு அன்று; பாடத்துக்காக நான் புனைந்த எண்கள்.

துறைமுகத்தின் வருமானம் 100 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பாரந்தூக்கி, படகுத்துறை, கடன் வட்டி போன்ற நிலைச்செலவு 60. சரக்கின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும் செலவு 20. இலாபம் 20. பத்தில் ஒரு பங்கு வாடிக்கையாளர் போய்விட்டால் வருமானம் 90 ஆகும். மாறும் செலவு 18 ஆகக் குறையும். நிலைச்செலவு அதே 60. இலாபம் 12. அதாவது, பத்து விழுக்காட்டுச் சரக்கு போனால் நாற்பது விழுக்காட்டு இலாபம் போகிறது. இதைக் கண்டதும் ‘மறுப்போம்’ என்று வாக்களித்தவர்கள் அமைதியாகிவிடுவர்.

கணக்கு அங்கேயே முடிவதில்லை. அந்த வாடிக்கையாளரைப் பிடித்துவைக்க அவருக்கு மட்டும் பத்து விழுக்காடு கழிவு தந்தால் இழப்பு வெறும் 1 வெள்ளி, இலாபம் 19. உடனே ‘கொடுப்போம்’ அணி கைதட்டும். செய்தி வெளியே தெரிந்து எல்லா வாடிக்கையாளரும் அதே கழிவைக் கேட்டால்? வருமானம் 90, செலவு 80, இலாபம் 10. வாடிக்கையாளர் போயிருந்தால் 12 மிஞ்சியிருக்கும்! ஆக, மறுப்பது மடமையும் அன்று, கொடுப்பது கோழைத்தனமும் அன்று. கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. சலுகை எத்தனை பேருக்குப் பரவும்? நான் போட்ட எண்களின்படி, வருமானத்தில் எண்பது விழுக்காட்டைத் தருபவர்கள் வரை அது பரவினால் இரு பக்கமும் சமம். பரவாமல் தடுக்க வழி உண்டா? தனித்துறை என்பது கழிவைவிட எளிதில் பரவுமா, அரிதில் பரவுமா? இந்த இடத்தில் வகுப்பு உண்மையிலேயே சூடுபிடிக்கும். நிதிப் பாடத்தில் படித்த நிலைச்செலவும், சந்தைப்படுத்தலில் படித்த வாடிக்கையாளர் வகைப்பாடும், சட்டப் பாடத்தில் படித்த ஒப்பந்தமும் ஒரே மேசைக்கு வருகின்றன. இறுதியாண்டுப் பாடம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கண்டதில்லை.

போர்ட்டர் சொன்ன ‘வாங்குவோரின் பேர ஆற்றல்’ என்ற கருத்தை இந்தக் கட்டத்தில்தான் அறிமுகப்படுத்துகிறேன். அந்தத் தீவுத் துறைமுகத்தின் பெரும்பலம் அதன் இணைப்புகள். எங்கிருந்து வந்த கொள்கலனுக்கும் எங்கே போகவும் அங்கே ஒரு கப்பல் கிடைக்கும். சிறிய கப்பல் நிறுவனத்துக்கு அந்த இணைப்பே உயிர். ஆனால் தன் சொந்தக் கப்பல்களுக்கிடையிலேயே சரக்கை மாற்றிக்கொள்ளும் அளவுக்குப் பெருத்துவிட்ட நிறுவனத்துக்கு அந்தப் பலம் பெரிதாகத் தோன்றாது. பலம் என்று நாம் கட்டத்துக்குள் எழுதும் ஒவ்வொன்றும் ‘யாரிடம் பலம்?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும்.

வாரியத்தின் முடிவை எழுதி வாங்கிக்கொண்ட பிறகே இரண்டாம் பகுதியைத் தருகிறேன். தீவுத் துறைமுகம் சிங்கப்பூர். நடத்தியது 1997 இல் நிறுவனமாக்கப்பட்ட பி.எஸ்.ஏ. வாடிக்கையாளர் டென்மார்க்கின் மெர்ஸ்க் சீலேண்ட். புதிய துறைமுகம் நம் தஞ்சோங் பெலெப்பாஸ். 1999 அக்டோபரில் செயல்படத் தொடங்கி, 2000 மார்ச்சில் அன்றைய பிரதமர் மகாதீரால் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்டது. அதே 2000 ஆம் ஆண்டில் மெர்ஸ்க் தன் நடுவத்தை இங்கு மாற்ற முடிவெடுத்து, துறைமுகத்தில் 30 விழுக்காட்டுப் பங்கையும் வாங்கியது. 2000 இல் சுமார் 4 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்ட தஞ்சோங் பெலெப்பாஸ், 2001 இல் 2 மில்லியனைத் தாண்டியது. அதே ஆண்டில் சிங்கப்பூரின் எண்ணிக்கை சுமார் 15.5 மில்லியனுக்கு இறங்கியது. அவ்வாண்டின் உலகப் பொருளாதாரச் சரிவுக்கும் அதில் பங்குண்டு என்பதை மாணவர்கள் மறந்துவிடலாகாது. 2002 இல் தைவானின் எவர்கிரீன் நிறுவனமும் ஜோகூர் பக்கம் வந்தது.

வகுப்பில் இங்கே ஒரு மகிழ்ச்சி ஆரவாரம் எழும். நம் மாநிலம் வென்றது அல்லவா! அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் நாற்காலியை மாற்றுகிறேன். இப்போது நீங்கள் தஞ்சோங் பெலெப்பாஸின் வாரியம், ஆண்டு 2001. உங்கள் சரக்கின் பெரும்பகுதி ஒரே வாடிக்கையாளருடையது, அவரே பங்குதாரரும்கூட. அவர் கட்டணத்தைக் குறைக்கச் சொன்னால் எப்படி மறுப்பீர்கள்? அவருடைய போட்டியாளர் ஒருவர் வந்து, ‘என் பரம எதிரி பங்கு வைத்திருக்கும் துறையில் என் கப்பலை நம்பி நிறுத்தலாமா?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? சிங்கப்பூருக்குப் பலவீனமாக வந்து நின்ற அதே ‘துணை’, இங்கே பலமாகவும் கட்டாகவும் ஒருசேர நிற்கிறது. பங்கு வாங்கியவர் எளிதில் ஓடமாட்டார் என்பது ஒரு பக்கம். அவரை நாமும் எளிதில் விட முடியாது என்பது மறுபக்கம்.

பிறகு நடந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்.ஏ. 2003 இல் ஆட்குறைப்புச் செய்தது. அதே ஆண்டில் சீனாவின் கோஸ்கோ நிறுவனத்தோடும், 2006 இல் எம்.எஸ்.சி. நிறுவனத்தோடும் கூட்டுத்துறை அமைத்தது. எவருக்கும் தனித்துறை இல்லை என்ற பழைய கொள்கை அத்தோடு தளர்ந்தது. 2024 இல் சிங்கப்பூர் கையாண்டது 41 மில்லியன் கொள்கலன்கள். தஞ்சோங் பெலெப்பாஸ் 12 மில்லியனைத் தாண்டியது. 2025 பிப்ரவரியில் மெர்ஸ்க்கும் ஜெர்மனியின் ஹபாக்-லாய்டும் இணைந்து தொடங்கிய ‘ஜெமினி’ கூட்டணி தஞ்சோங் பெலெப்பாஸைத் தன் முதன்மை நடுவங்களுள் ஒன்றாக வைத்துக்கொண்டது.

அப்படியானால் 2000 இல் மறுத்தது தவறா? பெரிய வாடிக்கையாளர் போனார். ஆயினும் கால் நூற்றாண்டில் துறைமுகம் இரு மடங்குக்கும் மேல் வளர்ந்தது. கொள்கையைச் சில ஆண்டுகள் காத்துப் பின்னர் தளர்த்தியது காலந்தாழ்ந்த செயலா, காலமறிந்த செயலா? மாணவர்கள் இங்கே தவறாமல் வழுக்குவர். விளைவைப் பார்த்துவிட்டு முடிவுக்கு மதிப்பெண் போடுவர். குடித்துவிட்டு வண்டியோட்டியவர் பத்திரமாக வீடு சேர்ந்தார் என்பதற்காக அவர் எடுத்தது நல்ல முடிவு ஆகிவிடுமா என்று கேட்பேன். முடிவெடுத்த நாளில் கையில் இருந்த செய்தி என்ன, அதை எப்படி எடைபோட்டார்கள் என்பதைக் கொண்டே முடிவை மதிக்க வேண்டும். முதற்பகுதியை முடிவு தெரியாமல் எழுத வைப்பது இதற்காகத்தான். கைப்பேசியில் விடையைத் தேடிக்கொண்டு எழுதுபவர் இந்த ஓர் அனுபவத்தை இழந்துவிடுகிறார், மதிப்பெண்ணை அல்ல.

எடுத்துக்காட்டு வழிக் கல்விக்குக் குறையும் உண்டு. கனடாவின் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் இதை நெடுங்காலம் குறைகூறிவந்தவர். இருபது பக்கம் படித்துவிட்டு, காணாத தொழிலைப் பற்றி உறுதியாகப் பேசும் துணிவை இது வளர்த்துவிடுகிறது என்பது அவர் வாதம். அதில் நியாயம் உள்ளதால் ஹோண்டாவின் கதையையும் சேர்த்தே சொல்கிறேன். நம் தாமான்களில் ஓடும் ‘கப்சாய்’ மோட்டார்களின் மூதாதை அந்நிறுவனத்தின் ‘சூப்பர் கப்’. 1959 இல் அமெரிக்காவுக்குப் போன ஹோண்டாவினர் விற்க நினைத்தது பெரிய மோட்டார்களை. அவை நெடுந்தூர ஓட்டத்தைத் தாங்காமல் எண்ணெய் கசிந்து பழுதுபட்டன. ஊழியர்கள் கடைகண்ணிக்குப் போய்வர வைத்திருந்த 50 சிசி சிறு வண்டிகள்தாம் அமெரிக்கர் கண்ணில் பட்டு விலைபோயின. இதை முன்கூட்டியே தீட்டிய வியூகம் என்று 1975 இல் ஓர் ஆலோசனை நிறுவன அறிக்கை விளக்கியது. பின்னர் ரிச்சர்ட் பாஸ்கேல், அங்கு சென்ற ஹோண்டா அதிகாரிகளையே நேரில் கண்டு பேசி, 1984 இல் மேற்சொன்ன கதையை வெளிக்கொணர்ந்தார். திட்டம் தோற்ற இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்ததே அவர்களின் திறமை. இதைச் சொன்னதும், ‘அப்படியென்றால் திட்டமிடத் தேவையில்லையா, சார்?’ என்று யாரேனும் கேட்பார். கப்பல் ஏறிப் போனால்தானே கண்ணில் படும் என்பேன்.

துறைமுகத்தையும் மோட்டாரையும் விட நம் மாணவர்களைப் பேச வைத்தது வேறொன்று. 1950களில் வெள்ளைக்காரர் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, அவை துண்டு துண்டாகக் கூறுபோடப்பட்டு விற்கப்பட்டன. தோட்டத் தொழிலாளர்கள் வேலையோடு குடியிருப்பையும் இழந்தனர். அதை எதிர்கொள்ள 1960 இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளியிடமே பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டி, தோட்டத்தை முழுதாக வாங்குவது என்பது அவர் வகுத்த வழி. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. இதை வியூகமாகப் படித்துப் பாருங்கள். எதிர்ப்புக் கூட்டம் போட்டிருக்கலாம், சட்டம் கேட்டிருக்கலாம், இழப்பீடு கேட்டிருக்கலாம். இவை அனைத்தும் இருக்க, கூலி வாங்குபவரை உரிமையாளர் ஆக்குவது என்ற வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்கு விலையும் இருந்தது. மாதச் சம்பளத்தில் பத்து வெள்ளி என்பது அன்றைய தோட்டத் தொழிலாளிக்குச் சிறு தொகை அன்று. விற்பவர் கேட்கும் விலைக்கு வாங்க வேண்டிய நெருக்கடியும் உண்டு.

இதன்மேல் நான் கேட்கும் கேள்வி ஒன்றே. தொழிலாளியின் வேலையையும் வீட்டையும் காப்பதற்காகப் பிறந்த சங்கம், அத்தொழிலாளியின் பிள்ளைகள் தோட்டத்தை விட்டு நகரத்துக்குப் போய்விட்ட பிறகு யாருக்காக இயங்க வேண்டும்? பங்குதாரரின் ஈவுத்தொகைக்காகவா, பிள்ளைகளின் கல்விக்காகவா, நிலத்தைக் காப்பதற்காகவா? மூன்றும் என்று எழுதுபவருக்கு நான் மதிப்பெண் தருவதில்லை. பாடநூலில் ‘நிறுவனத்தின் இலக்குரை’ என்று இரண்டு பக்கத்தில் கடந்துபோகும் பகுதி இந்தக் கேள்வியில் உயிர்பெறுகிறது. பாட்டியின் பெட்டியில் பழைய பங்குச் சான்றிதழைப் பார்த்த மாணவர்கள் வகுப்பில் உண்டு. அவர்கள் பேசும்போது யாருக்கும் நடைவழி தேவைப்படுவதில்லை.

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விரிவுரை ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கிறது, தேர்வும் அவ்வாறே. இருப்பினும் தாங்கள் எடுத்த முடிவை வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பார்க்குமாறு நம் மாணவர்களிடம் கூறுவதுண்டு. ‘போட்டிச் சாதகம்’ என்று மொழிபெயர்த்துச் சொன்னால் அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். ‘பக்கத்துக் கடையை விட்டு நம் கடைக்கு ஏன் வருகிறார்கள், அதை அவர்கள் ஏன் நாளைக்கே செய்துவிட முடியாது?’ என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார். தமிழ்மொழிக் கழகம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இப்படி ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டு தமிழில் கலந்துரையாடல் நடத்தலாம். பட்டிமன்றத்துக்கு வரும் கூட்டத்தில் பாதி வந்தாலும் போதும்.

மதிப்பீட்டு முறையை மாற்றாமல் கற்பிக்கும் முறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. எனவே முப்பது பக்க அறிக்கையை விடுத்து, ஒரே பக்கக் குறிப்பு கேட்கிறேன். முடிவு முதல் பத்தியில் இருக்க வேண்டும். எந்த எண் மாறினால் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்பது கடைசிப் பத்தியில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் எழுதுவது முப்பது பக்கத்தைவிடக் கடினம் என்று மாணவர்கள் முறையிடுகின்றனர், உண்மைதான்.

அண்மையில் நான் தயாரித்த இடுபணிக் கேள்வியை, பயிற்சிக்கு உதவும் என்பதால், இங்கே தருகிறேன். ஜோகூர் பாரு ஜாலான் உங்கு புவானில் உங்கள் குடும்பத்துக்கு ஒரு மளிகைக்கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனையில் ஒரு பகுதி, வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து வருபவர்களால் கிடைக்கிறது. ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான உடன்படிக்கை 2025 ஜனவரியில் கையெழுத்தாகியுள்ளது. புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் விரைவு ரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பயணிகள் வரை ஏற்றிச்செல்லுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. வருபவர் கூடலாம், கடை வாடகையும் கூடலாம். உங்கள் கடையில் வேலை செய்பவரே ரயிலேறி அக்கரைக்கு வேலைக்குப் போகவும் செய்யலாம். கடையை விரிவாக்குவதா, இடம் மாற்றுவதா, மொத்த வியாபாரத்துக்குத் திரும்புவதா, இருப்பதைக் காப்பதா? ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதுக. எதை விடப்போகிறீர்கள் என்பது முதல் வரியில் இருக்க வேண்டும்.